ஐம்பது மைல் கடல்

நம் நாட்டுப்புறத்தில் வழி கேட்டால் மைல் கணக்குச் சொல்கிறவர்கள் குறைவு. "இன்னும் ஒரு நாழிகை நடை" என்பார்கள். "அதோ தெரிகிற ஆலமரத்தைத் தாண்டினால் ஊர்தான்" என்பார்கள். ரொம்பப் பக்கமாயிருந்தால், "கூப்பிடு தூரந்தான், ஐயா!" என்பார்கள்.

இந்தக் 'கூப்பிடு தூரம்' என்ற அளவைப் பற்றி யோசிக்க யோசிக்க எனக்கு அதிசயமாயிருக்கிறது. மைல் என்ற அளவுக்கு மனிதனே வேண்டியதில்லை. மனித சஞ்சாரம் இல்லாத பாலைவனத்தையும் மைல் கணக்கில் அளந்துவிடலாம். கூப்பிடு தூரம் அப்படியல்ல. அதற்கு இந்தப் பக்கம் கூப்பிடுகிறவர் ஒருவர் வேண்டும். அந்தப் பக்கம் அதைக் காதில் வாங்கிக் கொள்கிறவர் ஒருவர் வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் வாயையோ காதையோ பொத்திவிட்டால், அடுத்த வீடும் கூப்பிடு தூரத்தில் இல்லை.

எனக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. போகிற உத்தேசம் கொஞ்சமும் இல்லாத ஊர்களுக்குக் கால அட்டவணை பார்த்துக்கொண்டிருப்பேன். ரயில், கப்பல், ஆகாய விமானம் எதுவானாலும் சரி. அப்படிப் பார்த்துக்கொண்டு போனபோது, ஐரோப்பாவின் வட கோடியில் இரண்டு துறைமுகப் பட்டணங்கள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டன. ஒன்று பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சிங்கி. மற்றொன்று எஸ்தோனியாவின் தலைநகரமான தாலின். நடுவே இருப்பது பின்லாந்து வளைகுடா. வடகரையில் ஹெல்சிங்கி, அதற்கு நேர் எதிரே, தென்கரையில் தாலின். இடையில் சுமார் 80 கிலோமீட்டர். பழைய கணக்கில் ஐம்பது மைல்.

இந்த ஐம்பது மைலுக்கு ஆகாய விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம் என்று அட்டவணையில் போட்டிருப்பது முப்பது முப்பத்தைந்து நிமிஷம். கப்பலுக்கு இரண்டு மணி நேரம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: இரண்டு ஊர்க்காரர்களும் விமானத்தைவிடக் கப்பலைத்தான் அதிகம் விரும்புகிறார்கள். விமான நிலையத்துக்குப் போய், பரிசோதனைக்கு நின்று, காத்திருந்து, ஏறி, இறங்கி, மறுபடி ஊருக்குள் வந்து சேர்வதற்குள் கப்பல் கரை சேர்ந்துவிடுகிறது! கப்பலில் போகிறவர் நகரத்தின் நடுவில் ஏறி, நகரத்தின் நடுவில் இறங்குகிறார். விமானத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஹெல்சிங்கியில் வேறு விமானம் மாறி எங்கேயோ தூர தேசம் போகிறவர்கள்.

இதெல்லாம் சரிதான், இதில் சரித்திரம் எங்கே வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்லுகிறேன். இந்த ஐம்பது மைலைப் பிரயாணி விமானம் 1924-ம் வருஷத்திலேயே கடந்தது. அன்றைக்கும் அது அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பிரயாணந்தான். இன்றைக்கும் அட்டவணையில் ஏறக்குறைய அதே நேரந்தான். நூறு வருஷமாக விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம் மாறவில்லை. கடலின் அகலமும் மாறவில்லை. ஆனால் இந்த நூறு வருஷத்துக்குள், ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையே இருந்த தூரம் எத்தனையோ தடவை சுருங்கியும் விரிந்தும் போயிருக்கிறது. ஒரு சமயம் இரண்டு ஊரும் அடுத்தடுத்த தெருவாக இருந்தன. ஒரு சமயம் பூமிக்கும் சந்திரனுக்கும் உள்ள தூரத்தில் இருந்தன. அந்தக் கதைதான் இது.

ஹெல்சிங்கி பிறந்ததே தாலினிடம் கொண்ட பொறாமையினால்தான். தாலினுக்கு அந்தக் காலத்தில் ரேவல் என்று பெயர். ஜெர்மன் வர்த்தகர்கள் கொழித்த துறைமுகம். கோட்டையும் கொத்தளமும், வானத்தைக் குத்தும் கோபுரங்களுள்ள மாதா கோயில்களுமாக விளங்கிய பட்டணம். ருஷ்யாவின் தோலும் மெழுகும் ரோமமும் அந்தத் துறைமுகத்தின் வழியாக மேற்கே போயின. எதிர்க் கரையில் பின்லாந்தை ஆண்டுவந்த ஸ்வீடன் தேசத்து ராஜா குஸ்தாவ் வாசாவுக்கு இது பொறுக்கவில்லை. 'அந்தப் பணம் நம் கரைக்கு வரவேண்டும்' என்று தீர்மானித்து, 1550-ம் வருஷம் வாந்தா ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு புதுப் பட்டணம் போட்டார்.

பட்டணம் போடுவது ராஜாவுக்குச் சுலபம். அதில் குடியிருக்க ஜனங்கள் வேண்டுமே? அதற்கும் ராஜா ஒரு வழி கண்டுபிடித்தார். ஏற்கெனவே இருந்த நான்கு சிற்றூர்களின் வியாபாரிகளை, "வீட்டைக் காலி செய்துகொண்டு ஹெல்சிங்கிக்குப் போங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டார். பாவம், அவர்கள் மூட்டை முடிச்சுக்களுடன் வந்து சேர்ந்தார்கள். வியாபாரந்தான் வந்து சேரவில்லை. பதினொரு வருஷம் கழித்து, 1561-ல், ரேவல் பட்டணமே ஸ்வீடனின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. போட்டிக்காரனே சொந்தக்காரன் ஆகிவிட்டபோது போட்டிக் கடை எதற்கு? ஹெல்சிங்கி நெடுங்காலம் சோம்பிக் கிடந்தது. 1640-ல் கடலோரமாக இன்னும் தள்ளி, இப்போதுள்ள இடத்துக்கு அதை நகர்த்தினார்கள். 1812-ல்தான் தலைநகரமாயிற்று. அப்போது பின்லாந்தும் எஸ்தோனியாவும் ருஷ்யச் சக்கரவர்த்தியின் கொடிக்கீழ் இருந்தன.

ராஜாக்கள் இப்படிப் பட்டணங்களை வைத்துச் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருக்கையில், இரு கரையிலும் இருந்த ஏழை எளியவர்கள் தங்கள் பாட்டுக்கு ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். வடகரைக்காரர்களிடம் மீன் இருந்தது, தானியம் போதாது. தென்கரைக்காரர்களிடம் தானியம் இருந்தது. ஆகவே பின்லாந்துச் செம்படவர்கள் படகில் உப்பு மீனை ஏற்றிக்கொண்டு போய், எஸ்தோனியக் குடியானவர்களிடம் கொடுத்துத் தானியம் வாங்கி வந்தார்கள். பரம்பரை பரம்பரையாக இன்னார் வீட்டுக்கு இன்னார் என்று உறவு வைத்துக்கொண்டு நடந்த பண்டமாற்று அது. கடுங்குளிர் வருஷங்களில் வளைகுடா முழுவதும் உறைந்து கல்லாகிவிடும். அப்போது படகுக்குப் பதில் சறுக்கு வண்டியில் குதிரை பூட்டி, கடலின் மேலேயே ஓட்டிக்கொண்டு போவார்கள்.

பேச்சுக்கும் அவர்களுக்குச் சிரமமில்லை. பின்னிஷ் மொழியும் எஸ்தோனிய மொழியும் கூடப்பிறந்த மொழிகள். தமிழும் மலையாளமும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி புரியும், மீதி புரிந்த மாதிரி இருக்கும். அந்த மீதியில்தான் ஆபத்து. 'ஹல்லிதுஸ்' என்றால் பின்னிஷ் மொழியில் அரசாங்கம். அதே சொல்லுக்கு எஸ்தோனிய மொழியில் பூசணம் என்று அர்த்தம். 'ஹல்பா' என்று பின்லாந்துக்காரர் சொன்னால் மலிவு. 'ஹல்ப்' என்று எஸ்தோனியர் சொன்னால் மட்டம். இரண்டு அர்த்தமும் பல இடங்களில் பொருந்தி வருவதாக இரண்டு தேசத்தாருமே சொல்லிச் சிரிக்கக்கூடும்.

கதைகளும் அப்படியே. பின்லாந்தின் காவியம் 'கலேவலா'; எஸ்தோனியாவின் காவியம் 'கலேவிபொயெக்'. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டுப் பாடல்களையும் கதைகளையும் திரட்டி உருவாக்கியவை. இரண்டு பெயரிலும் கலேவ் என்ற ஆதி வீரன் இருக்கிறான். எஸ்தோனியக் காவியத்தின் நாயகன் அந்தக் கலேவின் மகன். தூக்கிச் செல்லப்பட்ட தன் தாய் லிண்டாவைத் தேடிக்கொண்டு, இதே வளைகுடாவை நீந்தியே கடந்து பின்லாந்து போகிறான்! தாலின் நகரத்துக் கோட்டைக் குன்றுதான் கலேவின் சமாதி என்பது ஐதிகம். கணவனைப் பறிகொடுத்த லிண்டா சிந்திய கண்ணீர் தேங்கியதுதான் ஊரையடுத்த யூலெமிஸ்தே ஏரி என்கிறார்கள். வாசகர்கள் இந்த ஏரியின் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்லாந்து 1917-ல் சுதந்திரம் பெற்றது. எஸ்தோனியா 1918-ல் சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதன் பிறகுதான் ஐம்பது மைல் மெய்யாகவே ஐம்பது மைலாயிற்று. 1923-ம் வருஷக் கடைசியில் ஹெல்சிங்கியில் 'ஏரோ' என்று ஒரு விமானக் கம்பெனி பிறந்தது. இன்றைய பின்னேர் கம்பெனியின் பூர்வாசிரமம் அதுதான். 1924 மார்ச் 20-ந் தேதி அதன் முதல் விமானம் கிளம்பியது. போன இடம் தாலின். ஏற்றிச் சென்றது 162 கிலோ தபால் மூட்டைகள். யுங்கர்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனி செய்த, நாலு பிரயாணிகள் உட்காரக்கூடிய சின்ன விமானம். கோடையில் அதற்கு மிதவை மாட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். குளிர்காலத்தில் சறுக்குக் கட்டை மாட்டிப் பனிக்கட்டியில் இறக்குவார்கள். தரையில் இறங்கும் விமான நிலையம் ஹெல்சிங்கியில் அப்போது கிடையாது.

அந்த வருஷங்களை நினைத்தால் சந்தோஷமாயிருக்கிறது. மாணவர்களும் பாடகர்களும் பேராசிரியர்களும் போவதும் வருவதுமாக இருந்தார்கள். சட்ட விரோதமான போக்குவரவும் ஜாம் ஜாமென்று நடந்தது. பின்லாந்தில் 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு அமலில் இருந்தது. ஐம்பது மைலுக்கு அப்பால் விலக்கு இல்லாத எஸ்தோனியா! கேட்க வேண்டுமா? இரவுக்கிரவாக வேகப் படகுகளில் சாராயம் வடகரைக்கு வந்து குவிந்தது. மீனும் தானியமும் மாறிய கடலில் இப்போது காசும் கள்ளச் சரக்கும் மாறின. கள்ளக் கடத்தலை நான் மெச்சவில்லை. ஆனால் கடல் எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதற்குக் கள்ளக் கடத்தல்காரனைப் போல் உண்மையான சாட்சி வேறு கிடையாது.

1936-ல் தாலினுக்குச் சரியான விமான நிலையம் கிடைத்தது. அதைக் கட்டிய இடம் எது தெரியுமா? அந்த யூலெமிஸ்தே ஏரிக்கரை! ஹெல்சிங்கியின் மால்மி விமான நிலையமும் அதே சமயத்தில் உருவாகி, 1938-ல் முறைப்படி திறக்கப்பட்டது. மூன்று இயந்திரம் பூட்டிய பெரிய யுங்கர்ஸ் விமானங்கள் வந்தன. பின்லாந்துக்காரர்கள் அவற்றுக்குத் தங்கள் காவியத்திலிருந்து பெயர் பொறுக்கி வைத்தார்கள். ஒரு விமானத்தின் பெயர் 'கலேவா'.

நான் எழுதும் நாவலில், கலேவின் மனைவி அழுத கண்ணீர் ஏரிக் கரையிலிருந்து 'கலேவா' என்ற விமானம் திரும்பி வராத பிரயாணம் கிளம்புவதாக எழுதினேனானால், பத்திரிகாசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்து, "இது ரொம்ப அதிகம், ஸ்வாமி!" என்று அடித்துவிடுவார். சரித்திரத்துக்குப் பத்திரிகாசிரியர் கிடையாது.

1940 ஜூன் 14-ந் தேதி. அன்றைய தினம் ஹிட்லரின் சேனைகள் பாரிஸ் நகரத்துக்குள் நுழைந்தன. உலகமெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஸோவியத் கடற்படையும் விமானப்படையும் எஸ்தோனியாவைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்ததைக் கவனிக்க ஒருவருக்கும் அவகாசமில்லை. பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்னால் 'கலேவா' தாலினிலிருந்து கிளம்பியது. பின்லாந்து ருஷ்யாவோடு 105 நாள் யுத்தம் செய்து, மார்ச் மாதத்தில் சமாதானம் செய்துகொண்டிருந்தது. ஆகவே அது சமாதான காலத்தில், பகிரங்கமாக, கால அட்டவணைப்படி கிளம்பிய பிரயாணி விமானம். உள்ளே இருந்தவர்கள் ஒன்பது பேர். விமானி போ வான் வில்லெப்ராண்ட். ரேடியோக்காரர் தௌனோ லௌனிஸ். பிரயாணிகள் ஏழு பேர். ஜெர்மானியர் இருவர், பிரெஞ்சுக்காரர் இருவர், ஸ்வீடன்காரர் ஒருவர், எஸ்தோனியர் ஒருவர், அமெரிக்கர் ஒருவர். அந்த அமெரிக்கர் பெயர் ஹென்றி ஆந்தீல். வயது 27. அமெரிக்கத் தூதர் அலுவலகத் தபால் பைகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஜார்ஜ் ஆந்தீல் என்ற பிரபல சங்கீதக்காரரின் தம்பி.

அரைமணிப் பிரயாணம். கிளம்பிச் சில நிமிஷங்களுக்கெல்லாம் இரண்டு ஸோவியத் குண்டு விமானங்கள் பக்கத்தில் வந்தன. கேரி என்ற சின்னஞ்சிறு தீவுக்குச் சமீபத்தில் 'கலேவா'வைச் சுட்டுக் கடலில் வீழ்த்தின. மீன் பிடித்துக்கொண்டிருந்த எஸ்தோனியச் செம்படவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு நீருக்குள்ளிருந்து ஒரு ஸோவியத் நீர்மூழ்கிக் கப்பல் எழுந்து வந்தது. மிதந்துகொண்டிருந்த தபால் பைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிற்று. ஒன்பது பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இரண்டு நாளைக்கெல்லாம், ஜூன் 16-ந் தேதி, எஸ்தோனியாவுக்கு ஸோவியத் இறுதி எச்சரிக்கை வந்தது. 17-ந் தேதி தேசம் முழுவதும் ஸோவியத் சேனையின் வசமாயிற்று. பின்லாந்து சர்க்கார் 'கலேவா'வைப் பற்றி உரத்த குரலில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலைமையிலும் அவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் இப்போதுதான் அடி வாங்கி எழுந்தவன், தன் பிள்ளையை அவன் கிள்ளிவிட்டதாகப் புகார் சொல்லத் தயங்குவான் அல்லவா? அந்தத் தயக்கத்தை இங்கே உட்கார்ந்துகொண்டு கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1941-ல் எஸ்தோனியா ஜெர்மானியர் கைக்கு வந்தது. அவர்கள் தங்கள் படையில் சேரச்சொல்லி வற்புறுத்தியபோது, எஸ்தோனிய இளைஞர்கள் இரவில் படகேறிப் பின்லாந்துக்கு ஓடினார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் பின்லாந்துப் படையில் சேர்ந்து போர் செய்தார்கள். 1944-ல் ருஷ்யச் சேனை திரும்பி வந்தது. ஆயிரமாயிரமாய் ஜனங்கள் கிடைத்த தோணியில் ஏறிக் கடலில் இறங்கினார்கள். பிறகு கதவு சாத்தப்பட்டது.

வாசகர்களே, இங்கேதான் நான் சொல்ல வந்த தூரம் ஆரம்பமாகிறது. 1944-க்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையே கப்பல் இல்லை, விமானம் இல்லை. எஸ்தோனியாவின் கடற்கரையே எல்லைக் காவலின் கையில் இருந்தது. பின்லாந்துக்காரர் ஒருவருக்கு எப்படியோ அனுமதி கிடைத்துத் தாலின் போவதானால், லெனின்கிராடு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். காக்கை பறக்கிற கணக்கிலேயே அது அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். எண்பது கிலோமீட்டர் அறுநூறாயிற்று! டெலிபோனில் பேசலாம் என்றால், அந்தப் பேச்சு மாஸ்கோ போய்த்தான் வரவேண்டும். எதிர் வீட்டுத் திண்ணையில் இருப்பவனோடு பேசுவதற்கு அடுத்த ஜில்லாவில் உள்ள தாசில்தாரிடம் மனுக் கொடுப்பது போல.

பிரயாணம் போயிற்று. ஆனால், நான் முதலில் சொன்னேனே கூப்பிடு தூரம், அது போகவில்லை. இதற்குக் காரணம் ஒரு பாட்டு.

பின்லாந்தின் தேசீய கீதத்துக்கும் எஸ்தோனியாவின் தேசீய கீதத்துக்கும் மெட்டு ஒன்றே. பாசியஸ் என்ற ஜெர்மானியர் 1848-ல் ஹெல்சிங்கியில் போட்ட மெட்டு அது. வார்த்தைகள்தான் வேறு. ஸோவியத் ஆட்சியில் எஸ்தோனியாவின் தேசீய கீதத்துக்குத் தடை. பாடினால் சிறை. ஆனால் ஹெல்சிங்கி ரேடியோ ராத்திரி ஒலிபரப்பை முடிக்கும்போது தன் தேசீய கீதத்தை வாசிக்கும். அதை யார் தடுக்க முடியும்? அது பின்லாந்தின் கீதமல்லவா? தாலினில் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, அந்த மெட்டைக் கேட்பவர்கள் மனத்துக்குள் தங்கள் வார்த்தைகளைப் போட்டுக்கொள்வார்கள். தடை செய்த பாட்டு ஒவ்வொரு ராத்திரியும் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தது. அரைமணியில் பறந்து வந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்திய சாம்ராஜ்யத்துக்கு, ஒரு நொடியில் வந்து சேரும் அந்தச் சங்கீதத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு டெலிவிஷன் வந்தது. ஹெல்சிங்கியின் படம் தாலின் வீடுகளில் நன்றாகவே விழுந்தது. ஆனால் ஸோவியத் பெட்டிகள் வேறு முறையில் செய்யப்பட்டவை. படம் தெரியும், பேச்சு கேட்காது. கையில் தொழில் உள்ள பையன்கள் இதற்கென்றே ஒரு சின்னக் கருவி செய்து, பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பெயரே 'பின்லாந்துக் கட்டை' என்று ஏற்பட்டுவிட்டது. வட எஸ்தோனியாவில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகாமலே, டெலிவிஷன் பார்த்துப் பின்னிஷ் கற்றுக்கொண்டு பேசினார்கள்.

1964 மார்ச்சில் பின்லாந்து ஜனாதிபதி உர்ஹோ கெக்கொனென் எஸ்தோனியாவுக்குப் போனார். போனவர் தார்த்து சர்வகலாசாலையில் எஸ்தோனிய மொழியிலேயே பிரசங்கம் செய்தார். கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இருபது வருஷமாக ரேடியோவில் மட்டும் கேட்ட அண்டை வீட்டார், நேரில் வந்து, தங்கள் பாஷையிலேயே பேசுகிறார். பதினாறு மாதம் கழித்து, 1965 ஜூலையில், ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையே மறுபடி கப்பல் விட்டார்கள். கப்பலின் பெயர் 'வானெமுய்னெ'. அதுவும் இரு கரைக்கும் பொதுவான ஒரு புராணப் பாடகனின் பெயர்தான்.

கப்பல் வந்ததே தவிரக் கதவு முழுவதும் திறக்கவில்லை. வந்த பின்லாந்துக்காரர்களுக்காக 1972-ல் 'வீரு' என்று ஒரு பெரிய ஓட்டல் திறந்தார்கள். கட்டியவர்களும் பின்லாந்துக்காரர்களே. லிப்டில் 22 மாடிக்குத்தான் பொத்தான் இருந்தது. ஆனால் கட்டடத்துக்கு மாடி 23! அந்த 23-வது மாடியில் கே.ஜி.பி. போலீஸார் உட்கார்ந்துகொண்டு, அறைகளில் விருந்தாளிகள் பேசுவதை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1991-ல் அவர்கள் போய்விட்டார்கள். அந்த அறைகளை இப்போது அருங்காட்சியகமாக்கிக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள்.

1991 ஆகஸ்டு 20-ந் தேதி எஸ்தோனியா மீண்டும் சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதன் பிறகு தூரம் கிடுகிடுவென்று குறைந்தது. 2000-ம் வருஷத்தில் ஹெலிகாப்டர் வந்தது. கரையிலிருந்து கரைக்கு 18 நிமிஷம்! இந்த ஐம்பது மைலை ஜனங்கள் இவ்வளவு விரைவில் வாடிக்கையாகக் கடந்தது அதற்கு முன் கிடையாது. 2005 ஆகஸ்டு 10-ந் தேதி தாலினிலிருந்து கிளம்பிய அந்த ஹெலிகாப்டர் ஒன்று சில நிமிஷத்துக்குள் கடலில் விழுந்து, 14 பேர் மாண்டார்கள். இயந்திரக் கோளாறு. அப்போதும் கடல் கடல்தான் என்று ஜனங்களுக்கு ஞாபகம் வந்தது. 2007 டிசம்பரில் பாஸ்போர்ட்டுப் பரிசோதனையே இரு கரைக்கும் நடுவில் எடுபட்டது. ஹெல்சிங்கியில் வேலை, தாலினில் குடும்பம் என்று வாரா வாரம் கப்பலேறுகிற எஸ்தோனியத் தொழிலாளிகள் ஏற்பட்டார்கள். பின்லாந்துக்காரர்களோ, மலிவான சரக்குக்காக, பாட்டனார் காலத்துப் படகுப் பாதையிலேயே, இந்த முறை சட்டப்படி, சக்கரம் வைத்த பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் வந்தார்கள்.

இனி இந்தத் தூரத்துக்குக் கேடில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. எல்லையை மூடினார்கள். வாரா வாரம் போய் வந்த தொழிலாளிகளிடம், "எந்தக் கரையில் இருக்கப் போகிறாய், இப்போதே முடிவு செய்" என்று சொல்லிவிட்டார்கள். வேலை ஒரு கரையில், பெண்டாட்டி பிள்ளை ஒரு கரையில். கடலின் அகலம் அதே ஐம்பது மைல்தான். இந்தத் தடவை மூடியது பகையல்ல, பயம். ஆனால் கரையில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே அகலமாகத்தான் தெரிகிறது.

கடலுக்கு அடியில் சுரங்கம் போட்டு ரயில் விட வேண்டும் என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2018-ல் விவரமான ஆராய்ச்சி அறிக்கைகூட வெளியாயிற்று. அரைமணியில் போய்விடலாமாம். படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன். மறுபடியும் அதே அரைமணி! 1924-ல் தபால் மூட்டையோடு போன சின்ன விமானம் போய்ச் சேர்ந்ததும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். இந்த இரண்டு ஊர்களுக்கும் வேகம் ஒரு நாளும் குறைவாக இருந்ததில்லை. அவர்களுக்குக் குறைந்தது வேறு. கரையில் நிற்கிற காவல்காரன் துப்பாக்கியைக் கீழே போட்டிருக்கிறானா, தூக்கிப் பிடித்திருக்கிறானா என்பதைப் பொறுத்துத்தான் அவர்களுடைய மைல் கல் நகர்ந்துகொண்டிருந்தது. இதை எந்தக் கால அட்டவணையிலும் அச்சடிப்பதில்லை.

2024 ஜூன் மாதத்தில் எஸ்தோனிய முக்குளிப்புக் கம்பெனி ஒன்று ஒரு செய்தி வெளியிட்டது. கேரி தீவுக்குப் பக்கத்தில், சுமார் 70 மீட்டர் ஆழத்தில், ஒரு பழைய விமானத்தின் சிதறல்களைக் கண்டுபிடித்தார்கள். அவை 'கலேவா'வின் உடைசல்கள் என்று அறிவித்தார்கள். 84 வருஷம் அது அங்கேயே கிடந்திருக்கிறது. அது கிடந்த தண்ணீருக்கு மேலேதான் இத்தனை காலமும் எல்லாம் போய் வந்தன: உயிருக்குப் பயந்து ஓடியவர்களின் தோணிகள், ராத்திரி ரேடியோவின் கீதம், 'வானெமுய்னெ' கப்பல், வாரா வாரம் வீடு திரும்பும் தொழிலாளிகள், எல்லாம்.

ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் விமானத்தில் எவ்வளவு நேரம் என்று என்னை யாராவது கேட்டால், அரைமணி என்றுதான் சொல்வேன், அது பொய்யல்ல. ஆனால் சொல்லும்போதே, 1940 ஜூன் 14-ந் தேதி பிற்பகலில் ஹெல்சிங்கியில் காத்துக்கொண்டிருந்தவர்களின் ஞாபகம் எனக்கு வராமல் இராது. அவர்களிடமும் யாரோ அரைமணி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.